திமிங்கிலத் துறைமுகத்துக் கப்பல் படங்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கடந்த இதழில், 19ஆம் நூற்றாண்டில் திமிங்கில எண்ணெயால் செழித்த அமெரிக்கத் துறைமுகம் நியூ பெட்போர்ட்டின் பழைய கப்பல் ஓவியங்கள் பற்றிச் சுருக்கமாக எழுதியிருந்தோம். அதைத் தொட்டு வந்த கடிதங்களில், கையில் ஒரு படத்தை வைத்துக்கொண்டு கேட்டவர்களுக்கும், செய்து பார்க்க விரும்பிக் கேட்டவர்களுக்கும் முதலிடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் கடைச் சுவரில் பழைய கப்பல் படம் ஒன்று தொங்குகிறது. மூன்று பாய்மரம், பக்கத்தில் சிறு படகுகள். கீழே நியூ பெட்போர்ட் என்று மட்டும் அச்சாகியிருக்கிறது. இது திமிங்கில வேட்டைக் கப்பலா, சரக்குக் கப்பலா? (வாசகர், காத்தான்குடி)

பதில்: படகுகளை எண்ணிப் பாருங்கள். சரக்குக் கப்பல் ஒன்றிரண்டு படகுகளையே வைத்திருக்கும். அவையும் பெரும்பாலும் மேல்தளத்தில் கவிழ்ந்து கிடக்கும். அமெரிக்கத் திமிங்கிலக் கப்பலில் நான்கைந்து படகுகள் வெளிப்புறத்தில், வளைந்த தூக்குமரங்களில், உடனே இறக்கத் தயாராகத் தொங்கும். நான்கு படகு என்றால், கப்பலின் முன்னோக்கி நின்று பார்க்கையில் இடப்பக்கத்தில் மூன்று, வலப்பக்கத்தில் பின்புறமாக ஒன்று. வலப்பக்கம் நடுப்பகுதியை வெறுமையாக விட்டதற்குக் காரணம் உண்டு. கொன்ற திமிங்கிலத்தை அந்தப் பக்கத்தில்தான் சங்கிலியால் கட்டிக் கொழுப்பை உரித்தார்கள்.

அடுத்து மேல்தளம். முன் பாய்மரத்துக்குச் சற்றுப் பின்னால் செங்கல்லால் கட்டிய தாழ்வான அடுப்பு தெரிகிறதா? அதில் இரண்டு பெரிய இரும்புக் கிடாரங்கள் இருக்கும். மரத்தளத்தில் தீப் பிடிக்காதிருக்க அடுப்பின் அடியில் தண்ணீர்த் தொட்டி வைத்திருப்பார்கள். உருகிய கொழுப்பின் சக்கையையே விறகாக எரித்ததால் புகை கரிய நிறத்தில் தடித்து எழும். முன் பாய்மர அடியிலிருந்து கரும்புகை எழும் பாய்க்கப்பலைக் கண்டால் ஏறக்குறைய முடிவே செய்துவிடலாம். பாய்மர உச்சியில் ஆட்கள் நிற்பதும் இன்னொரு சான்று. பகல் முழுவதும் முறை வைத்து அங்கே நின்று கடலைப் பார்த்தார்கள்.

பக்கவாட்டில் வெள்ளைப் பட்டியும் அதில் கறுப்புச் சதுரங்களும் இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அவை பீரங்கி வாசல் போலத் தெரிய வர்ணத்தால் தீட்டியவை. சரக்குக் கப்பல்களிலும் அதே வழக்கம் இருந்தது.

பாய்களையும் கவனியுங்கள். மூன்று மரத்திலும் குறுக்குப் பருமல்களில் (பாய் கட்டும் குறுக்குக் கழிகளில்) சதுரப் பாய் இருந்தால் அது முழுக்கப்பல். கடைசி மரத்தில் மட்டும் நீளவாட்டுப் பாய் இருந்தால் அது 'பார்க்'. காலம் செல்லச் செல்லத் திமிங்கிலக்காரர்கள் பார்க்கையே விரும்பினார்கள். நான்கு படகுகள் இறங்கினால் 24 பேர் கப்பலை விட்டுப் போய்விடுவார்கள். மிஞ்சும் சிலர் பாய்களைச் சமாளிக்க வேண்டும். நீளவாட்டுப் பாயைத் தளத்தில் நின்றே சரிசெய்யலாம். 1841இல் நியூ பெட்போர்ட்டில் நீரில் இறக்கிய 'சார்ல்ஸ் டபிள்யூ. மோர்கன்' அப்படி முழுக்கப்பலாகத் தொடங்கிப் பின்னர் பார்க்காக மாற்றப்பட்டது. 37 வேட்டைப் பயணங்கள் போன அந்தக் கப்பல் இன்று அமெரிக்காவின் மிஸ்டிக் கடல் அருங்காட்சியகத்தில் மிதக்கிறது.

படத்தில் வேட்டையே நடக்கிறதென்றால், வரைந்தவருக்குத் தொழில் தெரியுமா என்பதை ஐந்து இடங்களில் சோதிக்கலாம். ஒன்று, படகில் ஆறு பேர். ஐவர் சவள் (துடுப்பு) வலிக்க, ஒருவர் பின்னால் நீண்ட சுக்கான் சவளைப் பிடிப்பார். ஐந்து சவள்களில் மூன்று ஒரு பக்கம், இரண்டு மறு பக்கம். முன்னால் இருப்பவர் ஈட்டி எறிய எழும்போது தன் சவளை விடுவார். அப்போது பக்கத்துக்கு இரண்டாகச் சமன் ஆகும். இரண்டாவது, படகின் இரு முனையும் கூராக இருக்க வேண்டும். நீளம் சுமார் 9 மீற்றர். மூன்றாவது, கயிறு. தொட்டியில் சுருட்டி வைத்த கயிறு முதலில் பின்முனைக் கட்டையைச் சுற்றி, பிறகு படகின் நீளம் முழுக்க ஓடி, அணியத்து (முன்முனை) பள்ளம் வழியே வெளியேறும். கயிற்றை நேராக அணியத்தில் கட்டிவிட்டவர் படகில் ஏறாதவர். நான்காவது, மூச்சு. ஸ்பேர்ம் திமிங்கிலத்துக்கு ஒரே மூக்குத்துளை, அதுவும் தலையின் இடப்பக்க முன்முனையில். மூச்சு முன்னோக்கிச் சரிந்து வரும். ரைட் திமிங்கிலத்தின் மூச்சு இரண்டாகப் பிரிந்து எழும். இரண்டுமே ஆவி, பூங்கா நீரூற்று அல்ல. ஐந்தாவது, உரிக்கும்போது திமிங்கிலத்தின் வால் கப்பலின் அணியப் பக்கமும் தலை கடையார் (பின்முனை) பக்கமும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி இடத்தில்தான் கரையில் இருந்து வரைந்த பலர் பிடிபடுகிறார்கள்.

கேள்வி: எங்கள் மாணவர்களைக் கொண்டு ரசல், பரிங்டன் செய்தது போன்ற சுருள் ஓவியம் ஒன்று செய்ய விரும்புகிறோம். மண்டபம் சிறியது. எப்படித் தொடங்குவது? (ஆசிரியை, கல்லடி)

பதில்: டீச்சர், நல்ல முயற்சி. மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: பெஞ்சமின் ரசல் 1841 முதல் 1845 வரை 'குட்டூசோஃப்' என்ற திமிங்கிலக் கப்பலில் போய் வந்தவர், காலேப் பரிங்டன் வர்ணப் பூச்சுத் தொழிலாளி. இருவரும் 1848இல் பருத்தித் துணியில் 1,275 அடி நீளமும் எட்டரை அடி உயரமும் கொண்ட ஓவியத்தைத் தீட்டி, ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சுருளை உருட்டிக் காட்டினார்கள். 389 மீற்றர் என்றால் நம் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தை விட நீளம். துறைமுகத்தில் தொடங்கிக் கடல் கடந்து உலகைச் சுற்றுவதாக அது அமைந்தது. இப்போது நியூ பெட்போர்ட் திமிங்கில வேட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

உங்களுக்கு 12 மீற்றர் போதும். 36 அங்குல அகலப் பருத்தித் துணி 14 மீற்றர் வாங்குங்கள். இரு முனையிலும் ஒவ்வொரு மீற்றர் உருளையில் சுற்ற வேண்டும். துணியைச் சுடுநீரில் துவைத்துக் கஞ்சியைப் போக்குங்கள். கடைக் கஞ்சி இருந்தால் வர்ணம் துணிக்குள் இறங்காமல் மேலே நின்று, உருட்டும்போது செதிலாக உதிரும். துவைத்தால் சுருக்கமும் முன்னரே வந்துவிடும்.

அந்தக் காலத்தவர் பயன்படுத்தியது பசை வர்ணம். தச்சர்கள் பாவிக்கும் வச்சிரம் 70 கிராமை ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மறுநாள் அந்தப் பாத்திரத்தைச் சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைக்க வேண்டும். கொதிக்க விடக்கூடாது. 60 பாகைக்கு மேல் போனால் வச்சிரத்தின் பிடிப்பு குறையும். உங்கள் துணிக்கு இரண்டு லீற்றர் கரைசல் ஒரு பூச்சுக்குப் போதும். அது காய்ந்த பிறகு, வெண்கட்டி மாவையும் வர்ணப் பொடியையும் நீரில் களியாக்கி, இளஞ்சூடான வச்சிரக் கரைசல் சேர்த்துத் தீட்டலாம். காய்ந்ததும் விரலால் தேயுங்கள். பொடி ஒட்டினால் பசை போதாது. தீட்டிய துண்டை ஒரு பென்சிலில் சுற்றுங்கள். வெடித்தால் பசை கூடிவிட்டது, அல்லது பூச்சு தடித்துவிட்டது. காய்ந்த நிறம் ஈர நிறத்தை விட வெகுவாக வெளிறும். ஆகவே ஒவ்வொரு கலவையையும் அதே துணியின் துண்டொன்றில் போட்டுக் காயவைத்துப் பார்த்த பின்பே பெரிய துணியில் தொடச் சொல்லுங்கள். கடலின் நீலத்தில் பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். ஈரத்தில் ஆழ்கடலாக இருந்தது மறுநாள் வெறும் வானமாகிவிடும்.

மாரியில் வச்சிரம் பூஞ்சணம் பிடிக்கும். கார்த்திகை, மார்கழியில் செய்வதானால் அதை விட்டுவிட்டு அக்ரிலிக் வர்ணத்தை நீர்த்துப் பாவியுங்கள். பழைய முறையைக் காட்ட ஒரு சிறு துண்டில் மட்டும் வச்சிரம் போதும்.

உருளைக்கு 110 மில்லிமீற்றர் பீ.வீ.சி. குழாய் இரண்டு. 14 மீற்றர் துணி முழுவதும் ஒன்றில் சுற்றினாலும் விட்டம் 14 சென்ரிமீற்றர் அளவில்தான் வரும்; ஒரு மாணவி கைபிடி வைத்து இலேசாகத் திருப்பலாம். உருளைகள் செங்குத்தாக நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் துணி மெல்ல மேலேறியோ கீழிறங்கியோ விளிம்பில் மடியும். நடுவில் ஒன்றரை மீற்றர் திறப்பு விடுங்கள். அந்த இடைவெளியில் துணியின் மேல்விளிம்பு தொய்யும். மேல்விளிம்பில் நாடா தைத்து, அரை மீற்றருக்கு ஒன்றாகச் சிறு கொக்கி போட்டு, மேலே இழுத்துக் கட்டிய கம்பியில் ஓடவிடுங்கள். கொக்கிகள் உருளையில் சுற்றுவதற்கு முன் கழன்று, மறுபக்கம் திரும்ப மாட்டப்பட வேண்டும். இதற்கு இரு மாணவர்களை நிறுத்துங்கள். சுருட்டி வைக்கும்போது தீட்டிய பக்கம் வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்துச் சுற்றினால் வர்ணம் நெருக்குண்டு, விரிக்கும்போது கிளம்பும்.

எதைத் தீட்டுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறோம்: நியூ பெட்போர்ட்டைப் பிரதி செய்யாதீர்கள். புளியந்தீவுக் கோட்டை, வாவி, பாலமீன்மடு வெளிச்சவீடு, முகத்துவாரம், திறந்த கடல். துறையிலிருந்து கடலுக்குப் போகும் அந்த ஒழுங்கு சுருள் ஓவியத்துக்கென்றே அமைந்தது போல இருக்கிறது.

கேள்வி: மட்டக்களப்பிலும் திமிங்கில வேட்டை நடந்ததா? (மாணவர், ஏறாவூர்)

பதில்: மட்டக்களப்பு வணிகத் துறை, திமிங்கிலத் துறை அல்ல. ஆனால் திமிங்கிலம் நமக்குத் தூரமும் அல்ல. திருகோணமலைக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு கரைக்கு மிக நெருங்கி வருவதால் ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் அங்கே கரையோரமாகவே வருகின்றன. இந்து சமுத்திரம் 1979இல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் 'டுலிப்' என்ற பாய்ப்படகில் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கடலில் அவற்றைக் கொல்லாமல் ஆராய்ந்தார்கள்.

கேள்வி: ஒல்லாந்தத் தளபதியும் கண்டி மன்னனும் கைகோத்து நிற்கும் பழைய செப்புத்தகட்டுப் படம் ஒன்றை விலைக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். அசல் என்கிறார். எப்படி அறிவது? (ஓய்வுபெற்ற அதிபர், கல்முனை)

பதில்: ஐயா, அந்தக் காட்சி நம் ஊரோடு நேரடித் தொடர்புடையது. யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602 மே 31ஆம் திகதி மட்டக்களப்புக்கு வெளியே நங்கூரமிட்டு, இங்கிருந்தே கண்டிக்குப் போய் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். அவருடைய பயணக் குறிப்பு 1605இல் டெல்ஃப்ட் நகரில் படங்களுடன் அச்சானது. விரைவிலேயே ஜெர்மனியில் டி பிறை குடும்பத்தார் தங்கள் பயணத் தொகுப்புக்காக அப்படங்களைத் திரும்பச் செதுக்கினார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை எத்தனையோ மறுபதிப்புகள். ஆகவே கேள்வி 'அசலா' என்பதல்ல, 'எந்த வரிசையில் வந்த பிரதி' என்பதுதான்.

10 மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்றும், கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதாக்கதிர் டோர்ச் ஒன்றும் எடுத்துப் போங்கள். சட்டத்திலிருந்து படத்தைக் கழற்றச் சொல்லுங்கள். கண்ணாடிக்கு மேலால் பார்த்து வாங்க வேண்டாம். வில்லையில் கோடுகள் சிறு புள்ளிகளாகப் பிரிந்தால், அல்லது பூப்போன்ற வண்ணப் புள்ளிக் கோலம் தெரிந்தால், அது 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிந்திய இயந்திர அச்சு. அங்கேயே நிறுத்திவிடலாம். கோடுகள் முழுமையாக, முனையில் கூர்மையாக முடிந்து, சாய்த்துப் பார்க்கையில் மை தாளுக்கு மேலே சற்றுப் புடைத்து நின்றால் செப்புத்தகட்டு அச்சாக இருக்கலாம். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய செவ்வகத் தடம் இருக்க வேண்டும். ஆனால் அந்தத் தடத்தைப் பிற்காலப் பிரதிகளிலும் அழுத்தி வைக்கிறார்கள். அதை மட்டும் நம்பக்கூடாது.

பிறகு தாள். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். 17ஆம் நூற்றாண்டுத் தாளில் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றை வெட்டி இரண்டு, மூன்று சென்ரிமீற்றருக்கு ஒன்றாக அகன்ற கோடுகளும் தெரியும். கோடே இல்லாத சீரான தாள் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே வந்தது. அடுத்து அறையை இருட்டாக்கி ஊதாக்கதிர் டோர்ச்சை அடியுங்கள். தாள் நீலவெள்ளையாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அதில் வெண்மையூட்டும் இரசாயனம் இருக்கிறது. அது 1950க்குப் பிந்திய தாள். பழைய தாள் மங்கலாகவே இருக்கும். தேயிலைச் சாயத்தில் ஊறவைத்த தாள் முழுவதும் ஒரே மஞ்சளாக இருக்கும். காலத்தால் பழுத்த தாள் விளிம்பில் கறுத்து உள்ளே வெளிறும்.

நூலிலிருந்து கழற்றிய படமானால் நடுவில் மடிப்புத் தடமோ, ஓரத்தில் தையல் துளையோ இருக்கும். குறை என்று எண்ணாதீர்கள், அது சான்று. இன்னொன்று: ஒரு படத்தைப் பார்த்து அப்படியே தகட்டில் செதுக்கி அச்சடித்தால் இடம் வலமாகும். வாள் எந்த இடுப்பில், கைகோத்தது எந்தக் கையால் என்று பாருங்கள். வலது கைக்காரர் வாளை இடது இடுப்பில்தான் கட்டுவார். எல்லாரும் வலது இடுப்பில் கட்டியிருந்தால் அது பிரதியின் பிரதி.

ஒல்லாந்தப் பாதிரியார் பல்தேயுஸ் இலங்கை பற்றியும் எழுதிய 1672 நூலின் படங்களுக்கும் இதே சோதனைதான். அவற்றுக்கு இன்னொரு எளிய வழியும் உண்டு. தலைப்பு ஒல்லாந்த மொழியில் இருந்தால் ஆம்ஸ்டர்டாம் பதிப்பு. ஆங்கிலத்தில் இருந்தால் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் திரும்பச் செதுக்கியது. லண்டன் பதிப்பும் பழையதுதான். ஆனால் ஆம்ஸ்டர்டாம் விலை கொடுக்காதீர்கள். மேலும், பழம்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி தேவை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அன்பளிப்பாக அனுப்ப எண்ணினால் இதை முதலில் கவனியுங்கள்.

கேள்வி: உயர்தரத்தில் சித்திரம் எடுக்கிறேன். கடலில் பல கப்பல்கள் நிற்பதாக வரைந்தால், தூரத்துக் கப்பல் வானத்தில் தொங்குவது போல அல்லது கிட்டக் கப்பல் குழிக்குள் நிற்பது போல வருகிறது. ஏன்? (மாணவி, அக்கரைப்பற்று)

பதில்: தங்கச்சி, அடிவானக் கோடு எங்கே வெட்டுகிறது என்பதை நீங்கள் தீர்மானிக்காமல் வரைகிறீர்கள். கடல் ஓவியர்களின் முதல் விதி இது: பார்ப்பவரின் கண் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அந்த உயரத்திலேயே அடிவானம் எல்லாக் கப்பல்களையும் வெட்டும். கிட்டக் கப்பலோ தூரக் கப்பலோ பேதம் இல்லை.

கோட்டைக் கொத்தளத்தில், நீரிலிருந்து 6 மீற்றர் உயரத்தில் கண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 24 மீற்றர் உயரமான பாய்மரம் என்றால் நான்கில் ஒரு பங்கு அடிவானத்துக்குக் கீழே, மூன்று பங்கு மேலே. அதே அளவான கப்பலைத் தூரத்தில் கால்வாசி அளவில் வரைந்தாலும் இந்த ஒன்றுக்கு மூன்று விகிதம் மாறாது. மணலில் நின்று பார்த்தால் கண் ஒன்றரை மீற்றர் உயரத்தில். அடிவானம் கப்பலின் உடலையே வெட்டும், பாய்கள் முழுவதும் வானத்தில் நிற்கும். கப்பல் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் ஓவியர் தாழ்வான இடத்தைத் தேர்வது இதனால்தான். துறைமுகம் முழுவதும் வரைபடம் போல விரிய வேண்டுமென்றால் உயரத்துக்கு ஏறுவார். பழைய துறைமுகக் காட்சிகள் பலவற்றில் அடிவானம் பாய்மர உச்சிக்கும் மேலே இருக்கும். அப்படி ஒரு மேடு அந்தக் கரையில் இல்லையென்றால் ஓவியர் அங்கே நின்று வரையவில்லை, நிலப்படத்தைப் பார்த்துக் கற்பனையில் எழுப்பியிருக்கிறார். மட்டக்களப்புக் கரை தட்டையானது. நம் கோட்டையை வானத்திலிருந்து பார்ப்பது போலக் காட்டும் எந்தப் பழைய படமும் அந்த வகைதான்.

அடிவானம் எவ்வளவு தூரம் என்பதற்கும் கணக்கு உண்டு. கண் உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் கிலோமீற்றர் வரும். மணலில் நின்றால் சுமார் நாலரை, கொத்தளத்தில் எட்டேமுக்கால். அதற்கு அப்பால் போன கப்பலின் உடல் மறைந்து பாய் மட்டும் தெரியும். இதை வரைந்துவிட்டால் ஆழம் தானாக வரும்.

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொடி, புகை, பாயின் புடைப்பு, அலைத்தலை நான்கும் ஒரே காற்றுக்குப் பணிய வேண்டும். நங்கூரமிட்ட கப்பல் நீரோட்டம் இழுக்காத இடத்தில் காற்றை நோக்கி அணியத்தைத் திருப்பும். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் நம் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அப்போது நங்கூரமிட்ட கப்பலின் அணியம் ஊரைப் பார்க்கும், கொடி கடலைப் பார்த்துப் பறக்கும். வாடை என்னும் வடகிழக்குக் காற்றில் எல்லாம் எதிர்மாறு. அதோடு வாடைக் காலத்தில் திறந்த கரைக்கு வெளியே பாய்க்கப்பல் நிற்பது ஆபத்து. நங்கூரம் அறுந்தால் கப்பல் நேரே மணலில்தான் ஏறும். ஆகவே மார்கழி மாத மட்டக்களப்புக் கரையில் பாய்க்கப்பல்கள் அமைதியாக வரிசை கட்டி நிற்பதாக வரைய வேண்டாம்.

கேள்வி: அமெரிக்கக் கொடியில் நட்சத்திரங்களை எண்ணிப் படத்தின் ஆண்டைச் சொல்லலாமா? (வாசகர், திருக்கோவில்)

பதில்: கீழெல்லையை மட்டும் சொல்லலாம். 1818 முதல் கோடுகள் 13. நட்சத்திரம் மாநிலத்துக்கு ஒன்று. 1837இல் 26, 1848இல் 30, 1861இல் 34. 30 நட்சத்திரக் கொடி உள்ள படம் 1848க்கு முன் வரைந்ததாக இருக்க முடியாது. ஆனால் சிறு கொடியில் இடம் போதாமல் ஓவியர் நட்சத்திரங்களைக் குறைத்துப் புள்ளி வைப்பது வழக்கம் என்பதால் குறைந்த எண்ணிக்கையை நம்பாதீர்கள். அதை விடப் பயன் தருவது முதலாளியின் சொந்தக் கொடி. ஒவ்வொரு கப்பல் உரிமையாளருக்கும் தனி நிறமும் எழுத்தும் இருந்தன. பிரிட்டிஷ் கொடியானால் மூலையில் சிவப்புச் சாய்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அது 1801இல் சேர்ந்தது.

கேள்வி: ஒல்லாந்தர்களின் திமிங்கில ஓவியங்களை வரலாற்றுச் சான்றாக ஏற்கலாமா? (பட்டதாரி மாணவர், வந்தாறுமூலை)

பதில்: ஒரு படத்தை வைத்தே சொல்கிறோம். 1638 மே மாதம் ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த ஆண்டு, 1639இல், கொர்னேலிஸ் டி மான் என்பவர் வடதுருவக் கடல் தீவான ஸ்பிட்ஸ்பேர்கனுக்கு அருகே இருந்த ஸ்மேரன்பேர்க் என்னும் ஒல்லாந்தத் திமிங்கில நிலையத்தை வரைந்தார். ஓவியம் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது. அவர் அங்கே போய்ப் பார்த்து வரையவில்லை. 1634இல் ஸ்பேக் என்பவர் வரைந்த டேனிஷ் நிலையத்தின் படத்தைப் பார்த்து வரைந்தார். ஆகவே மலை, கட்டடங்களின் இடம் ஆகியவற்றுக்கு இது சான்றல்ல. ஆனால் கொழுப்பைத் துண்டாக்கும் மேசை, அடுப்பில் பதித்த கிடாரம், எண்ணெயை ஆறவிடும் தொட்டி, பீப்பாய் என்று வேலையின் ஒழுங்கு சரியாக இருக்கிறது. இடத்துக்கு நம்பாதே, தொழிலுக்கு நம்பு என்பதே இதற்கு நாம் கொடுக்கும் மதிப்பு. ரைக்ஸ்மியூசியத்தின் இணையத்தளத்தில் படத்தை இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு ஆளின் கையிலும் என்ன கருவி என்று எண்ணிக் குறிப்பெடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் துணியில் தீட்டிய பழைய எண்ணெய் வர்ணக் கப்பல் படம் உண்டு. மாரியில் வெண்பூஞ்சணம் பிடிக்கிறது. கடல் பச்சையாகிவிட்டது. வினாகிரியால் துடைக்கலாமா? (வாசகி, வாழைச்சேனை)

பதில்: வேண்டாம் அம்மா. வினாகிரி, தேங்காயெண்ணெய், உருளைக்கிழங்கு, ஈரத்துணி எதுவும் வேண்டாம். பூஞ்சணம் வளர்வது காற்றின் ஈரப்பதன் 65, 70 வீதத்தைத் தாண்டும்போது. கடலோர வீட்டில் இன்னொரு தொல்லை சேர்கிறது. சுவரிலும் சட்டத்திலும் படியும் உப்பு, ஈரப்பதன் 75 வீதத்தை எட்டியதும் காற்றிலுள்ள நீரை உறிஞ்சித் தானே நனைந்துவிடும். கடல் பார்த்த வெளிச்சுவர்தான் படத்துக்கு மிக மோசமான இடம்.

படத்தைக் கழற்றி, மற்றப் படங்களிலிருந்து விலக்கி, காற்றோட்டமான உள்ளறையில் நிழலில் இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். வெயிலில் வைத்தால் துணி விறைத்து வர்ணம் வெடிக்கும். பூஞ்சணம் நன்றாகக் காய்ந்து தூளான பிறகு, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, மிக மென்மையான அகன்ற தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள். வர்ணம் எங்காவது கிளம்பியிருந்தால் அந்த இடத்தைத் தொடாதீர்கள். துணியின் பின்பக்கத்தையும் மரச்சட்டத்தின் கீழ் இடுக்கையும் மறக்க வேண்டாம். தூசு அங்கே சேர்ந்துதான் பூஞ்சணம் தொடங்கும்.

திரும்ப மாட்டும்போது உட்சுவரில், சமையலறைக்குத் தூரமாக மாட்டுங்கள். சட்டத்தின் நான்கு மூலையிலும் பின்னால் இரண்டு சென்ரிமீற்றர் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். பின்பக்கத்தைப் பொலித்தீனால் மூடாதீர்கள், உள்ளே ஈரம் வியர்க்கும். தடித்த அட்டை போதும். ஈரப்பதன் காட்டும் சிறு மின்கருவி ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். 70ஐத் தாண்டும் நாட்களில் மின்விசிறி ஓடட்டும்.

கடல் பச்சையானதற்குப் பூஞ்சணம் காரணமல்ல. மேலே பூசிய வார்னிஷ் காலத்தில் மஞ்சளாகும். நீலத்துக்கு மேல் மஞ்சள் படிந்தால் பச்சைதான் தெரியும். சட்டத்தின் விளிம்பு மறைத்த ஓரத்தைப் பாருங்கள். அங்கே வெளிச்சம் குறைவாகப் பட்டதால் நிறம் வேறுபட்டிருக்கலாம். அந்த வார்னிஷை வீட்டில் தின்னரால் எடுக்கப் போனால் வார்னிஷோடு கப்பலின் கயிறுகளும் போய்விடும். கயிறுகளைக் கடைசியாக, மிக மெல்லிய வர்ணத்தில் தீட்டுவதால் அவைதான் முதலில் கரையும். பயிற்சி பெற்ற பாதுகாப்பாளர் பார்க்கும்வரை பச்சைக் கடலை அப்படியே விடுங்கள். அதற்கிடையில் படத்தை நேராகவும், பக்கவாட்டில் சாய்ந்த வெளிச்சத்திலும், பின்பக்கத்தையும் தனித்தனியே படம் பிடித்து, திகதியிட்டு வையுங்கள். அடுத்த மாரிக்குப் பிறகு ஏதும் கூடியிருக்கிறதா என்று ஒப்பிட அது உதவும்.